கண்ணீருக்கு முன்பே வந்துவிடும் மூக்கு

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நாய் வளர்ப்பைப் பற்றி ஒரே ஒரு பதில் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே வியப்பு: “என் மனசு சரியில்லை என்பது இதற்கு எப்படித் தெரிகிறது?” இந்த இதழின் பக்கம் முழுவதும் அந்த வியப்புக்கே.

● நான் அழுதால் எங்கள் நாய் எங்கிருந்தாலும் ஓடி வந்து கன்னத்தை நக்குகிறது. என் துக்கம் அதற்குப் புரிகிறதா, கண்ணீரின் உப்புக்காக வருகிறதா?
– இல்லத்தரசி, காரைக்குடி

உப்புதான் வேண்டுமென்றால் உங்கள் ஊறுகாய் ஜாடி அல்லவா முதலில் காலியாகியிருக்கும்!

2012-இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் டெபோரா கஸ்டன்ஸ், ஜெனிஃபர் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 18 நாய்களைச் சோதித்தார்கள். வளர்ப்பவரும் ஒரு புதியவரும் நாயின் எதிரே உட்கார்ந்து, முறை வைத்துச் சாதாரணமாகப் பேசினார்கள், வாய்க்குள் விநோதமாக ராகம் இழுத்தார்கள், அழுவதுபோல் நடித்தார்கள். ராகம் எதற்கு? புதுச் சத்தம் கேட்ட ஆர்வத்தில் நாய் வருகிறதா என்று பிரித்துப் பார்க்க. ராகத்தை நாய்கள் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. அழுகைக்கு 18-இல் 15 எழுந்து வந்தன. வந்தவையும் விளையாட வருவதுபோல் துள்ளி வரவில்லை. பெரும்பாலானவை உடம்பைத் தாழ்த்தி, பணிந்து வந்தன.

நடிப்பு அழுகைக்கே இந்த வரவு. உங்கள் துக்கத்தின் காரணம் அதற்குத் தெரியாது. துக்கம் தெரியும்.

● நாம் அழுதால் நாய்க்குப் பயம் வருகிறது, அந்தப் பயத்துக்கு ஆறுதல் தேடித்தான் நம்மிடம் வருகிறது என்கிறான் என் அண்ணன். அவன் சொல்வது சரியா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அண்ணனின் சந்தேகம் நல்ல சந்தேகம். அதே லண்டன் சோதனை அதற்கும் ஒரு வழி வைத்திருந்தது. புதியவர் அழும்போது நாய் என்ன செய்ய வேண்டும்? தன் பயத்துக்கு ஆறுதல் தேடுவதாக இருந்தால், பக்கத்திலேயே இருக்கும் தன் வீட்டு மனிதரிடம் அல்லவா ஓட வேண்டும்? அது ஓடியது அழுகிறவரிடம். முன்பின் தெரியாதவர் என்றாலும் அவரிடம்தான்.

ஆனால் அந்த ஆய்வாளர்கள் இதைப் ‘பரிவு’ என்று அடித்துச் சொல்லவில்லை. ‘பரிவைப் போன்ற நடத்தை’ என்று அளந்துதான் சொன்னார்கள். அழுகிற மனிதரிடம் போனால் தடவிக் கொடுப்பார்கள் என்று அனுபவத்தில் கற்றிருக்கவும் கூடும் அல்லவா? அண்ணனுக்குப் பாதி மதிப்பெண் போடுங்கள். மீதிப் பாதி நாய்க்கு.

● அலுவலகத்தில் ஏதாவது பிரச்சினை என்றால், வீட்டுக்குள் நுழைந்து நான் வாயைத் திறக்கும் முன்பே எங்கள் நாய்க்குத் தெரிந்துவிடுகிறது. மந்திரமா?
– தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஓசூர்

மூக்கு.

நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் இருக்கலாம். நாய்க்கு அது பத்துக் கோடியைத் தாண்டும். அந்த மூக்குக்கு மனஅழுத்தம் ஒரு வாசனை.

2022-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை நேராகவே சோதித்தார்கள். 36 பேரிடம் முதலில் அமைதியாக இருக்கும்போது வியர்வையும் மூச்சும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கணக்கு: 9000-லிருந்து 17, 17 ஆகக் கழித்துக்கொண்டே, ஆய்வாளர்கள் முன்னால், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்று நமக்கு வியர்த்ததே, அதே வியர்வைதான். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறிய பிறகு மறுபடி மாதிரி எடுத்தார்கள். ஒரே ஆளின் இரண்டு வாசனைகள். நடுவில் சில நிமிட இடைவெளி. பயிற்சி பெற்ற நான்கு நாய்களிடம் நீட்டியபோது, நூற்றுக்கு 93.75 தடவை பதற்றத்தின் வாசனையைச் சரியாகக் காட்டின. அந்த 36 பேரும் அவற்றுக்கு அந்நியர்கள்.

அந்நியரையே இப்படிப் படிக்கிற மூக்கு, தினமும் உங்கள் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது. நீங்கள் கேட்டைத் திறக்கும்போதே செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

● முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு நாயை ஏமாற்ற முடியுமா?
– வாசகர், கரூர்

முகத்தை மாற்றிக்கொள்ளலாம். வியர்வையை என்ன செய்வீர்கள்?

● சிரித்த முகம், கோபமான முகம் என்கிற வித்தியாசமாவது நாய்க்குத் தெரியுமா?
– ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

தெரியும். வியன்னாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஓவியரான உங்களுக்குப் பிடிக்கும். முகத்தின் பாதியை மட்டும் படமாகக் காட்டி – சில நாய்களுக்குக் கண் பகுதி, சிலவற்றுக்கு வாய்ப் பகுதி – சிரிப்பையும் கோபத்தையும் பிரிக்கப் பழக்கினார்கள். பிறகு அது வரை காட்டாத மறு பாதியைக் காட்டினார்கள். அதையும் சரியாகப் பிரித்தன. வாயைப் பார்த்துக் கற்ற சிரிப்பைக் கண்ணிலும் கண்டுபிடித்தன. ‘சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லையே’ என்று நாம் சொல்வதை நாயும் கவனிக்கிறது.

● என் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து ஆங்கிலத்தில் அதட்டினாலும், தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த எங்கள் நாய் பயந்து ஒதுங்குகிறது. பாஷை தெரியாமல் எப்படி?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிதம்பரம்

கோபத்துக்குத் தனிப் பாஷை எதற்கு, ஐயா?

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 17 நாய்களுக்கு இரண்டு முகங்களைக் காட்டி ஒரு குரலைக் கேட்கவிட்டார்கள். குரல் பேசியது போர்ச்சுகீசிய மொழி. அந்த நாய்கள் கேட்டுப் பழகாதது. குரலில் மகிழ்ச்சி இருந்தால் மகிழ்ந்த முகத்தையும், கோபம் இருந்தால் கோபமான முகத்தையும் அவை அதிக நேரம் பார்த்தன. காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் ஒரே உணர்ச்சியாகச் சேர்க்கத் தெரிகிறது. இது 2016-இல் வெளியானது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு புடாபெஸ்டில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 11 நாய்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியது. கட்டவில்லை, மயக்க ஊசி போடவில்லை. அன்பாகப் பழக்கியே படுக்க வைத்தார்கள். மனிதக் குரல்களையும் நாய்க் குரல்களையும் கேட்கவிட்டபோது, குரலின் உணர்ச்சிக்கு நம் மூளை எங்கே கிளர்கிறதோ அதை ஒத்த இடத்தில் நாயின் மூளையும் கிளர்ந்தது. சொல் உங்கள் மகனுடையது. தொனி எல்லோருக்கும் பொது.

● ஆபத்து என்றால் சினிமாவில் வருவதுபோல நாய் கதவைத் திறந்து நம்மைக் காப்பாற்றுமா? எங்கள் நாய் மூலையில் நின்று நடுங்கத்தான் செய்யும் போலிருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

மூலையில் நடுங்குகிற உங்கள் நாயைப் பற்றித்தான் நான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன்.

2018-இல் அமெரிக்காவில் 34 நாய்களை வைத்து ஒரு சோதனை. வளர்ப்பவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். கதவு காந்தத்தில் ஒட்டியிருக்கும், தள்ளினால் திறந்துகொள்ளும். சிலர் அழுதார்கள், சிலர் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டை முணுமுணுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய பாதி நாய்கள்தான் திறந்தன. வித்தியாசம் வேகத்தில் இருந்தது. அழுகையைக் கேட்டுத் திறந்தவை சராசரியாக 23 விநாடியில் உள்ளே வந்துவிட்டன. பாட்டைக் கேட்டவை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டன.

இப்போது உங்கள் நாய்க்கு வருகிறேன். அழுகை கேட்டும் கதவைத் திறக்காத நாய்களைக் கவனித்தார்கள். அவை அலட்சியமாக இருக்கவில்லை. திறந்தவற்றைவிட அவைதான் அதிகம் பதறிப் போயிருந்தன. துக்க வீட்டில் ஒருவர் பந்தல், தண்ணீர், நாற்காலி என்று ஓடியாடுவார். இன்னொருவர் தூணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். நின்றவருக்கு அன்பு குறைவு என்று யார் சொல்ல முடியும்?

2020-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 60 நாய்களிடம் இன்னொரு சோதனை. வளர்ப்பவர் ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதுபோல் உதவி கேட்டுக் கதறினார். 20 நாய்கள் திறந்தன. மூன்றில் ஒன்றுதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். அதே பெட்டியில் தின்பண்டத்தைப் போட்டபோது திறந்தவை 19 மட்டுமே! தின்பண்டத்துக்காகத் திறந்த அந்த 19-இல் 16 நாய்கள் மனிதருக்காகவும் திறந்தன. திறக்கத் தெரிந்தது திறந்தது. தெரியாதது தவித்தது. வளர்ப்பவர் உள்ளே அமைதியாக உட்கார்ந்து பத்திரிகை படித்தபோதும் 16 நாய்கள் திறந்தன என்பதையும் மறைக்கக் கூடாது: ஆபத்தோ இல்லையோ, பக்கத்தில் இருந்தால் போதும் என்கிற ஆசையும் அதில் கலந்திருக்கிறது.

● செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு, நான் வந்ததும் குற்றவாளி மாதிரி தலையைக் குனிகிறதே. மனசாட்சிதானே அது?
– வங்கி ஊழியர், ஈரோடு

மனசாட்சி அல்ல, உங்கள் முகம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் 14 நாய்களிடம் சோதித்தார். தின்னாதே என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா, தின்னவில்லையா என்பது முக்கியமாக இல்லை. வளர்ப்பவர் திட்டினாரா என்பதுதான் அந்தக் ‘குற்ற முக’த்தைக் கொண்டுவந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் அதிகமாகக் குனிந்தன.

குனிந்த தலையைக் குற்றத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அடிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அது “தப்பு செய்துவிட்டேன்” என்று சொல்லவில்லை. “நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது” என்கிறது. கோபம் கொஞ்சம் ஆறட்டும். செருப்பு ஐந்நூறு ரூபாய்தான்.

● வீட்டில் எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம் வந்தால் நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது. பசியா?
– வாசகி, விருதுநகர்

தட்டு நிறைந்திருந்தாலும் நக்கினால் அது பசி இல்லை. மனிதரின் கோபமான முகத்தைப் பார்க்கும்போது நாய்கள் வாயை அதிகம் நக்கிக்கொள்கின்றன என்று 2018-இல் ஒரு ஆய்வு காட்டியது. கூடவே இவற்றையும் பாருங்கள்: தூக்கம் வராமலே கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், காதைப் பின்னால் மடித்தல், நனையாமலே உடம்பை உதறுதல். எல்லாம் ஒரே வார்த்தைதான்: ‘போதும்.’

உங்கள் இருவருக்கும் சமாதானம் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால், அந்த உதட்டைப் பெரியவர் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள்.

● பேரன் பிறந்திருக்கிறான். அவன் அழுதால் எங்கள் நாய் தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. விரட்டலாமா?
– பாட்டி, தஞ்சாவூர்

விரட்டாதீர்கள், அம்மா. தனியாகவும் விடாதீர்கள்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 2014-இல் 75 நாய்களுக்கு மூன்று ஒலிகளைக் கேட்கவிட்டார்கள்: குழந்தையின் அழுகை, மழலை, வெறும் இரைச்சல். மழலைக்கும் இரைச்சலுக்கும் ஒன்றுமில்லை. அழுகைக்கு மட்டும் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறியது. மனஅழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் அது. அதே அழுகையைக் கேட்ட மனிதர்களுக்கும் அதேபோல ஏறியது.

ஆகவே பேரன் அழும்போது அந்த வீட்டில் பதறுகிற உள்ளங்களில் அதையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். பதறுகிற நாய் எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், பெரியவர் கண் பார்வை இல்லாமல் குழந்தையின் பக்கத்தில் இருக்கக் கூடாது. இது இரண்டு பேருக்குமே பாதுகாப்பு.

● தெருநாய்க்கும் இந்த அறிவு உண்டா, வீட்டு நாய்க்கு மட்டும்தானா?
– டீக்கடைக்காரர், திருவொற்றியூர்

தினமும் விடியற்காலையில் உங்கள் கடை வாசலில் படுத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். மனிதரைப் படித்துத்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழு தெருநாய்களையே ஆய்வு செய்துவருகிறது. 2020-இல் வந்த ஆய்வில் எந்தப் பயிற்சியும் இல்லாத 160 தெருநாய்களிடம், முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினார். ஏறக்குறைய பாதி நாய்கள் அருகிலேயே வரவில்லை. துணிந்து வந்தவற்றில் நூற்றுக்கு எண்பது போல, கை காட்டிய திசைக்கே போயின. வராதவை மக்கு அல்ல, பயந்திருந்தன.

2017-இல் வந்த ஆய்வு இன்னும் நெஞ்சைத் தொடுவது. ஒருவர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்ப உணவு தந்தார். சிலவற்றின் தலையைத் தடவிக் கொடுத்தார். நாளடைவில் அந்த மனிதரை அதிகம் நம்பி நெருங்கியவை தடவிக் கொடுக்கப்பட்ட நாய்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழகாத நாயைத் தடவப் போக வேண்டாம். எந்த நாய் கடித்தாலும், சின்னக் கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபீஸ் தடுப்பூசிக்குப் போங்கள். அன்பும் எச்சரிக்கையும் ஒரே கையில் இருக்கலாம்.

● அந்தக் கண்களைப் பார்த்தால் ஏன் நாம் இப்படி உருகிப் போகிறோம்?
– வாசகி, புதுச்சேரி

அதற்கென்றே ஒரு தசை இருக்கிறது. உட்புருவத்தை மேலே தூக்கும் அந்தத் தசை நாய்களில் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்களில் மெல்லிய இழையாக மட்டுமே இருக்கிறது. 2019-இல் உடற்கூறு பார்த்துச் சொன்னார்கள். அந்தப் புருவம் உயர்ந்தால் கண் பெரிதாகி, அழப்போகும் குழந்தையின் முகம் வந்துவிடும்.

ஜப்பானின் அஸாபு பல்கலைக்கழகம் 2015-இல் இன்னொன்றைக் கண்டது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் ஆக்சிடோசின் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரக்கும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. நீங்கள் உருகுவது பலவீனம் அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டு உறவு.

● நாய் அழுமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்

துக்கத்தில் நம்மைப்போலக் கண்ணீர் வடிப்பதில்லை, தம்பி. ஆனால் பல மணி நேரம் பிரிந்திருந்து வளர்ப்பவரை மறுபடி பார்க்கும்போது நாயின் கண்ணில் நீர் கூடுகிறது என்று 2022-இல் ஜப்பானியர்கள் அளந்து பார்த்தார்கள். பழக்கமான வேறொருவரைப் பார்க்கும்போது அப்படிக் கூடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை இறக்கும் முன்பு அதன் கண்ணைப் பார்.

● பூனை வளர்க்கிறோம். நாங்கள் அழுதாலும் சிரித்தாலும் அது அசைவதே இல்லை. அன்பே கிடையாதா?
– வாசகி, மன்னார்குடி

டோக்கியோவில் 2013-இல் 20 பூனைகளுக்கு அந்நியர் குரலும் வளர்ப்பவர் குரலும் கேட்கவிட்டார்கள். வளர்ப்பவரின் குரலை அடையாளம் கண்டுகொண்டன. எழுந்து வரவில்லை; காதையும் தலையையும் மட்டும் திருப்பின. அடுத்த முறை காதைப் பாருங்கள்.

● நாயை நன்றிக்கு உதாரணம் காட்டுகிறோம். நாயே என்று திட்டவும் செய்கிறோம். இது என்ன நியாயம்?
– தமிழாசிரியை, பெரம்பலூர்

நாலடியார் இதில் நாயின் பக்கம் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. யானையைப் போன்றவரின் நட்பைவிட நாயைப் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது. யானை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ தன்மேல் எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே எறிந்தவரிடம் வாலைக் குழைக்கும் என்று காரணமும் காட்டுகிறது. மாணிக்கவாசகர் இறைவன் முன்னால் தன்னை நாய் என்று தாழ்த்திச் சொல்லிக்கொள்கிறார்.

லண்டன் அறையில் அழுகிற அந்நியரிடம் உடம்பைத் தாழ்த்தி வந்த நாய்களை நினைத்துக்கொள்கிறேன். பிறர் துயரத்தின் முன்னால் அப்படித் தாழ்ந்து போகத் தெரிவது எத்தனை பெரிய குணம்! திட்டுவதற்கு வேறு சொல் தேடிக்கொள்வோம்.

அந்த வேல் மட்டும் என்னை உறுத்துகிறது. வாலைப் பாராட்டும் அவசரத்தில் வேலைப் பிடுங்க மறந்துவிடுகிறோம்.

● என் கவலை என் நாயை நோயாளி ஆக்கிவிடுமா? உண்மையைச் சொல்லுங்கள்.
– தனியாக வசிக்கும் வாசகி, கோயம்புத்தூர்

பயமுறுத்தாமல் உண்மையைச் சொல்கிறேன்.

ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 2019-இல் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியையும் எடுத்துச் சோதித்தது. முடி வளர வளரக் கார்டிசால் அதில் படிந்துகொண்டே வரும். சில மாதத்து மனஅழுத்தத்துக்கு அது ஒரு நாட்குறிப்பு. நாயின் நாட்குறிப்பும் வளர்ப்பவரின் நாட்குறிப்பும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. கோடையிலும் அப்படி, குளிர்காலத்திலும் அப்படி. நாயின் சுபாவத்தைவிட வளர்ப்பவரின் சுபாவமே நாயின் அளவோடு அதிகம் பொருந்தியது.

2024-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 18 நாய்களிடம் வேறு விதமாகப் பார்த்தது. ஓர் இடத்தில் வைத்த கிண்ணத்தில் உணவு இருக்கும், இன்னோர் இடத்தில் வைத்ததில் இருக்காது என்று பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவே வெவ்வேறு இடங்களில் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். இருக்குமா, இருக்காதா? மனஅழுத்தத்தில் இருந்த ஓர் அந்நியரின் வாசனையை முகரவிட்டபோது, உணவு இல்லாத பக்கத்தை ஒட்டி வைத்த கிண்ணத்தை நோக்கி நாய்கள் தயங்கித் தயங்கியே போயின. ‘அங்கே ஒன்றும் இருக்காது’ என்கிற அவநம்பிக்கை. வாசனையிலேயே நம் விரக்தி தொற்றிக்கொள்கிறது.

இதற்காக “என்னால்தான் இதற்குக் கஷ்டம்” என்று இன்னொரு பாரத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள். கவலை எந்த வீட்டிலும் வரும். நடை, விளையாட்டு, வேளைக்குச் சோறு – இந்த மூன்றும் குறையாமல் இருக்கட்டும். இருவருக்கும் அதே மருந்துதான்.

● துக்கம் தெரிந்து நடக்கிற இனம் எது? ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, லேப்ரடாரா?
– வாசகர், சிவகாசி

ஸ்வீடனில் மனிதரின் அழுத்தத்தை முடியில் ஏந்தியவை ஆடு மேய்க்கும் இனங்கள். மேய்ப்பவரின் ஒவ்வொரு சைகையையும் பார்த்தே வேலை செய்யப் பழகி வந்த குலம். 2021-இல் வேட்டை நாய்களையும் பழைய இனங்களையும் சோதித்தபோது அந்த ஒற்றுமை இல்லை. அதனால் அவற்றுக்குப் பாசம் இல்லை என்று பொருள் இல்லை; செய்த தொழில் வேறு, பார்வை வேறு.

2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த ராஜபாளையமும், முயலை விரட்டிப் பிடிக்கும் சிப்பிப்பாறையும் நம் மண்ணின் பெருமை. ஆனால் துணைக்கு நாய் வேண்டுமென்றால் இனத்தைத் தேடாதீர்கள். உங்கள் தெருவிலேயே ஒரு நாட்டு நாய்க்குட்டி காத்திருக்கும்.

● மனச்சோர்வில் இருக்கிறேன். எனக்கு என் நாய் மட்டும் போதும், டாக்டரெல்லாம் வேண்டாம் என்று தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் நாய் உங்கள் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் உங்கள் துக்கத்தை முகரத்தான் அதற்குத் தெரியும். மருந்து எழுதத் தெரியாது. தொலைபேசியில் யாரையும் கூப்பிடத் தெரியாது. அந்தக் கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும்.

14416. இது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் பேசலாம். இன்றே கூப்பிடுங்கள். நாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பேசுங்கள்.

● தீபாவளி வெடிக்கு எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. அப்போது கொஞ்சினால் பயம் இன்னும் கூடிவிடும் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

கூடிவிடாது. பயம் ஒரு குறும்பு அல்ல, கொஞ்சினால் பழக்கமாகிப் போவதற்கு. சன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை ஓடவிடுங்கள், வெடிச் சத்தம் தொடங்கும் முன்பே வெளியே கூட்டிப் போய்விட்டு வாருங்கள். அது விரும்பினால் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அடியிலிருந்து இழுக்க வேண்டாம். பயம் மிகுதியாக இருந்தால் கால்நடை மருத்துவரை ஒரு வாரம் முன்பே பாருங்கள்.

நம் துக்கத்துக்கு எத்தனை முறை அது எழுந்து வந்திருக்கிறது! வருஷத்தில் ஒரு ராத்திரி நாம் போகக் கூடாதா?

● உங்கள் வாழ்க்கையில் இப்படி ஓர் அனுபவம் உண்டா?
– பலர்

உண்டு. அப்பா இறந்தபோது எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் இருந்தது. காரியம் முடிகிறவரை அம்மாவின் பாயை ஒட்டியே படுத்திருந்தது. அம்மா விசும்பினால் எழுந்து வந்து முழங்காலில் மோவாயை வைக்கும். வந்தவர்கள் எல்லோரும் “இதுக்கு இருக்கிற பாசத்தைப் பாருங்க” என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அதன் முதுகில் முடி திட்டுத் திட்டாகக் கொட்டியிருப்பதைப் பார்த்தேன். இளைத்தும் போயிருந்தது. தோல் நோய் என்று நினைத்துக் கூட்டிப் போனேன். கால்நடை மருத்துவர் தோலைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “வீட்ல என்ன நடந்துச்சு?”

அந்த ஒரு மாதத்தில் மணிக்கு யார் சோறு வைத்தார்கள் என்று யோசித்தேன். யாரோ, எப்போதோ. நடைக்கு யார் கூட்டிப் போனார்கள்? யாருமில்லை. எங்கள் எல்லோருடைய துக்கத்தையும் அது கேட்டுக்கொண்டிருந்தது. அதன் துக்கத்தைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து காலையில் அம்மாவே அதைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். முதுகில் முடி வளர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் அம்மா ஆற்றங்கரை வரை நடக்கத் தொடங்கியிருந்தாள்.

● இத்தனை செய்கிற நாய்க்கு நாம் என்ன கைம்மாறு செய்வது?
– வாசகி, அரியலூர்

இன்று மாலை அதன் சோற்றுத் தட்டை வேளை தவறாமல் வையுங்கள். வைக்கும்போது உங்கள் கை நடுங்கினாலும் மறைக்க வேண்டாம். அதற்கு ஏற்கெனவே தெரியும்.